பத்தாயமும் பால் சொம்பும்

ஏழு மாதம் தாண்டிய கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும்போது, சில டியூப்களில் சீரம், அதாவது ரத்தம் உறைந்து பிரிந்தபின் மேலே நிற்கும் தெளிநீர், லேசாகப் பச்சையடிக்கும். வழக்கமான சீரம் வைக்கோல் ஊறிய தண்ணீர் போல வெளிர்மஞ்சளாக இருக்கும். இது வேறு. டியூபை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் தெரியும், எலுமிச்சைப் பிஞ்சின் தோல்நிறம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். சாம்பிள் கெட்டுவிட்டது என்று நினைத்து, போய்க்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு இன்னொரு முறை ஊசி குத்தினேன். இரண்டாவது டியூபும் அதே பச்சை. சீனியர் அக்கா வந்து பார்த்தார். "இது செம்பு புள்ள. மாசமா இருக்கறவங்களுக்கு வரும். ரிப்போர்ட் எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு காரணமும் இல்லாமல் இரண்டு குத்து வாங்கிக்கொண்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி படியிறங்கிப் போன அந்தப் பெண்ணை இன்னும் மறக்கவில்லை.

ரத்தத்தில் செம்பா என்று அன்று இரவு பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அன்றைக்குப் பிடித்த நூல் என்னை எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) வீட்டு அட்டாலியில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பால் சொம்பு வரைக்கும் கொண்டுபோகும் என்று அப்போது தெரியாது.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா. ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, இது கேரளத்துச் சித்தூர். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா, கோபாலபுரம் வழியாகப் போனால் பொள்ளாச்சி. கொச்சி சமஸ்தானத்தில் இருந்து, பிறகு திருவிதாங்கூர்-கொச்சியாகி, 1956-ல் கேரளமானது எங்கள் மண். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டுக்குள் பேச்சு தமிழ்தான். தென்னந்தோப்பு, கள் இறக்குகிற மரங்கள், ஆனி ஆடியில் கணவாய் வழியாக ஓயாமல் அடிக்கிற காற்று. பெண் கட்டிக்கொடுத்தால் பித்தளையும் வெண்கலமும் சீராகப் போகும். விளிம்பில் பேர் வெட்டியிருக்கும்.

அமுச்சிக்கு மூன்று குழந்தைகள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், என் அம்மா. அதற்கு முன்னால் இரண்டு பையன்கள் பிறந்து, இருவரும் இரண்டு வயதுக்குள் போய்விட்டார்கள். "ஈரல் கட்டி" என்று வீட்டில் சொல்வார்கள். வயிறு முன்தள்ளி, கைகால் குச்சியாகி, ராத்திரியெல்லாம் சிணுங்கி, கடைசியில் கண் மஞ்சளாகிப் போய்விடும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், பாலக்காடு வரை வண்டி கட்டிக்கொண்டும் போனார்கள். ஊரில் அப்போது பெயர் பெற்றிருந்த ஒரு வைத்தியர் காரணம் என்று ஒன்றைச் சொன்னார்: தாயின் பால் கெட்ட பால். அமுச்சி அதை அறுபது வருஷம் சுமந்தார். "என்ற பாலு வெஷம்னு சொல்லிப்போட்டாங்க கண்ணு" என்று நெல் புடைத்துக்கொண்டோ, வெங்காயம் உரித்துக்கொண்டோ, பேச்சோடு பேச்சாகச் சொல்வார். அழுது நான் பார்த்ததில்லை.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் தேடித்தான் இத்தனை வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தப் பச்சை நிறம். 1948-ல் சுவீடனில் ஹோல்ம்பெர்க், லாரெல் என்ற இருவர் ரத்தத்திலிருந்து ஒரு நீலநிறப் புரதத்தைப் பிரித்தெடுத்து விவரித்தார்கள். செருலோபிளாஸ்மின் என்று பெயர். ஒவ்வொரு மூலக்கூறுக்குள்ளும் ஆறு செம்பு அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன, நீலம் அவற்றிலிருந்து வருகிறது. ரத்தத்தில் ஓடும் செம்பில் பெரும்பகுதி இதற்குள்தான் இருக்கும். இதைச் செய்வது கல்லீரல். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறும்போது கல்லீரல் இதை அதிகமாகச் செய்கிறது. பிரசவ நாள் நெருங்கும்போது தாயின் ரத்தத்தில் செம்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். சீரத்தின் இயல்பான மஞ்சளோடு இந்த நீலம் சேர்ந்தால் பச்சை. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே பச்சை வருவது அதனால்தான்.

ஆனால் அந்த நீலப் புரதம் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குள் போவதில்லை. செம்புதான் கடந்து போகிறது. குழந்தை தனக்கு வேண்டிய செருலோபிளாஸ்மினைத் தன் ஈரலிலேயே செய்துகொள்ள வேண்டும், பிறக்கும்போது அந்த வேலை அதற்குச் சரியாக வராது. தொப்புள்கொடி ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் தாயின் பச்சைக்குப் பக்கத்தில் அது வெளிறித் தெரியும். தாயிடம் இரண்டு மடங்கு, பிள்ளையிடம் மிகக் கொஞ்சம். முதன்முதலில் இதைப் படித்தபோது, குழந்தை செம்புக்கு ஏங்கிக்கொண்டு பிறக்கிறது போல என்று நினைத்தேன். தப்பு. குழந்தையின் செம்பு ரத்தத்தில் இல்லை, ஈரலுக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பெரியவர்களின் ஈரலை உலர்த்தி அளந்தால் ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்கும் குறைவாகத்தான் செம்பு தேறும். பிறந்த குழந்தையின் ஈரலில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். ஒரு பெரியவருக்கு அந்த அளவு இருந்தால் நோயென்று எழுதிவிடுவோம். சிசுவுக்கு அது இயல்பு.

இவ்வளவு செம்பு ஈரலைப் புண்ணாக்காமல் எப்படி உள்ளே கிடக்கிறது? தனியாக விட்டால் செம்பு பொல்லாதது. செல்லுக்குள் கொழுப்பையும் புரதத்தையும் பொசுக்கும். அதைக் கட்டிப் பிடித்து வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயர் மெட்டலோதயோனின்.

எனக்கு மிகவும் பிடித்த புரதம் இதுதான். 1957-ல் மார்கோஷஸ், வல்லீ என்ற இரு விஞ்ஞானிகள் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து, காட்மியத்தைப் பற்றிக்கொண்டிருந்த ஒரு புரதமாக இதைக் கண்டெடுத்தார்கள். மிகச் சின்னது. ஈரலில் இருக்கும் வகையில் 61 அமினோ அமிலங்கள்தான். அதில் 20 சிஸ்டீன், அதாவது மூன்றில் ஒன்று. ஒவ்வொரு சிஸ்டீனிலும் ஒரு கந்தக அணு கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உலோகம் கிடைக்காத வரைக்கும் இந்தப் புரதத்துக்கு உருவமே இல்லை, அவிழ்ந்த நூல் போலத் துவண்டு கிடக்கும். துத்தநாகமோ செம்போ வந்ததும் அந்த இருபது கைகளும் அதைச் சுற்றி வளைத்து இரண்டு முடிச்சுகளாகிவிடும். துத்தநாகம் என்றால் ஏழு அணு, செம்பு என்றால் பன்னிரண்டு வரைக்கும். இறுக்கிப் பிடித்தாலும், கேட்கிற இடத்துக்கு விட்டுக்கொடுக்கவும் செய்யும். எங்கள் தாத்தா வீட்டுப் பத்தாயம் ஞாபகம் வரும். மேலே நெல்லைக் கொட்டிப் பூட்டிவிடலாம், வேண்டும்போது அடியில் இருக்கும் சின்னக் கதவைத் தூக்கி ஒரு படி மட்டும் எடுக்கலாம்.

கருவிலிருக்கும் சிசுவின் ஈரல் இந்தப் பத்தாயங்களை ஏராளமாகச் செய்கிறது. வளர்ந்த மனிதரின் ஈரலில் இருப்பதைவிட எத்தனையோ மடங்கு. துத்தநாகமும் செம்பும் இரண்டும் அதில் ஏறுகின்றன. இன்னொரு விசேஷம் உண்டு. பெரியவர்களின் ஈரல் செல்லில் இந்தப் புரதம் பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியே, செல்லின் சாற்றில் இருக்கும். சிசுவின் ஈரலில் அது உட்கருவுக்குள்ளேயும் புகுந்து நிற்கிறது. செல்கள் வேகவேகமாகப் பிரிந்து பெருகும் காலம் அது, மரபணுக்களை வாசிக்கும் எத்தனையோ புரதங்களுக்குத் துத்தநாகம் வேண்டும். பிறந்தபிறகு வாரங்களும் மாதங்களும் போகப்போகப் புரதம் குறைந்து உட்கருவை விட்டு வெளியேறிவிடுகிறது. எலிக்குட்டிகளில் பால் மறக்கும் வயதுக்குள் பெரியவற்றின் அளவுக்கு இறங்கிவிடும்.

பத்தாயம் நிறையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆடுகளே சாட்சி. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆட்டுக்குட்டிகள் பிறந்து கொஞ்ச நாளில் பின்னங்கால் பின்னி விழுந்து செத்துக்கொண்டிருந்தன. மேய்ச்சல் நிலத்தில் செம்பு இல்லை, சினையாட்டுக்குச் செம்பு கிடைக்காததால்தான் குட்டியின் நரம்பு கெடுகிறது என்று பென்னட்ஸ் என்ற கால்நடை மருத்துவர் 1937-ல் காட்டினார். சினையாட்டுக்குச் செம்பு கொடுத்ததும் குட்டிகள் நின்றன. எங்கள் பக்கம் ஆடு வளர்க்காத வீடு கிடையாது, அதனால் இந்தக் கதை எனக்கு வெறும் புத்தகக் கதையாகப் படவில்லை.

தாயின் ஈரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைப் பேசுவதில்லை. மெட்டலோதயோனின் உலோகத்துக்கு மட்டும் பெருகுவதில்லை. காய்ச்சல், கிருமி, மதுபானம், உடம்புக்கு வரும் பெரிய அதிர்ச்சி எதுவானாலும் ஈரல் இதை அவசரமாகச் செய்யும். கர்ப்பகாலத்தில் அப்படி நடந்தால், தாயின் ஈரல் துத்தநாகத்தை இழுத்துத் தன்னிடமே பூட்டிக்கொள்கிறது, ரத்தத்தில் அது இறங்குகிறது, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகவேண்டிய பங்கு குறைகிறது. எலிகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் புரதத்தைச் செய்யவே முடியாதபடி மரபணு நீக்கிய எலிகளையும் 1990-களில் உருவாக்கினார்கள். அவை செத்துவிடும் என்று எதிர்பார்த்தால், நல்ல தீனி கிடைக்கும்வரை பிழைத்து, குட்டியும் போட்டன. சினைக்காலத்துத் தீனியில் துத்தநாகத்தைக் குறைத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. புரதம் இல்லாத தாய்களின் கருக்கள் அதிகம் கெட்டன. பத்தாயத்தின் அருமை பஞ்சத்தில்தான் தெரிகிறது என்பது விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்குப் புரியாததல்ல.

இந்த அடுக்கல் வேலையில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் நடக்கிறது. இரும்பும் அப்படித்தான், செம்பும் அப்படித்தான். என் தங்கைக்கு முதல் குழந்தை 32 வாரத்தில் பிறந்துவிட்டது. உள்ளங்கையை விரித்தால் அவன் முதுகு முழுவதும் அதில் அடங்கும். குழந்தை டாக்டர் இரும்புச் சொட்டு மருந்து எழுதியபோது தங்கை, "இவ்வளவு சின்னதுக்கு எதுக்குங்க மருந்து?" என்று கேட்டாள். "மத்த குழந்தைக எல்லாம் ஆறு மாசத்துக்கு வேண்டியதை ஈரல்ல கட்டிக்கிட்டு வருதுங்க. இவன் மூட்டை கட்டறதுக்குள்ள கிளம்பிட்டான்" என்றார் அவர். நான் பதினைந்து வருஷம் படித்துப் புரிந்துகொண்டதை ஒரு வரியில் சொல்லிவிட்டார். அவன் இப்போது நாலாம் வகுப்பு, தோப்புச் சாலையில் சைக்கிளில் பறக்கிறான்.

ஏன் இந்த ஆறு மாத மூட்டை? பாலில் செம்பு மிகக் குறைவு, அதனால்தான். ஒரு லிட்டர் முதிர்ந்த தாய்ப்பாலில் அரை மில்லிகிராம்கூட இருக்காது. பசும்பாலில் அதைவிடவும் குறைவு. தாயின் உடல், பாலில் தராததை முன்கூட்டியே ஈரலில் வைத்து அனுப்பிவிடுகிறது. அதோடு இன்னொரு விஷயம் இருக்கிறது. நமக்கெல்லாம் மிஞ்சிய செம்பை ஈரல் பித்தநீரில் தள்ளி, மலத்தோடு வெளியேற்றிவிடும். அதற்கென்று ஏடிபி7பி என்று ஒரு பம்ப் இருக்கிறது, அது கெட்டுப்போனால் வருவதுதான் வில்சன் நோய். பச்சைக் குழந்தையின் ஈரலில் இந்த வெளியேற்றும் வேலை இன்னும் பழகவில்லை. உள்ளே வருவதை வாங்கி அடுக்கத்தான் தெரியும். வீட்டுக்கு முன்வாசல் மட்டும் இருக்கிறது, கொல்லைக்கதவு இன்னும் வைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு நாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏற்கெனவே நிறைந்திருக்கும் பத்தாயம், வெளியேறும் வழி இல்லை, மேலே மேலே கொட்டினால்?

கொட்டியிருக்கிறார்கள். இந்தியாவில் நூறு வருஷத்துக்கும் மேலாகக் கொட்டியிருக்கிறார்கள். ஆறு மாதம் முதல் நாலைந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு ஈரல் கெட்டிப்பட்டுச் சாவு வரும் இந்த நோயை 1887-லேயே கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் விவரித்திருக்கிறார். இந்தியக் குழந்தைகளின் சிரோசிஸ் என்றே உலகம் முழுக்கப் பெயர். பரம்பரை என்றார்கள், கிருமி என்றார்கள், தாயின் உணவு என்றார்கள். ஈரலில் ஊசி விட்டு எடுத்த துணுக்கை ஆர்சீன் சாயத்தில் தோய்த்துப் பார்த்தால், செல்லுக்குள் கரும்பழுப்பு மணிமணியாக ஏதோ திரண்டிருக்கும். அவை செம்பைப் பிடித்துப் பிடித்துத் தாங்கமுடியாமல் கட்டிதட்டிப்போன மெட்டலோதயோனின். காவல்காரனின் பிணம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தக் குழந்தைகளின் ஈரலில் ஒரு கிராமுக்கு 800 மைக்ரோகிராமுக்கு மேல், சிலருக்கு அதைப்போலப் பல மடங்கு செம்பு.

1980-களில் புனேயின் கேஇஎம் மருத்துவமனையில் ஷீலா பாவே, ஆனந்த் பண்டித் ஆகியோரும் இங்கிலாந்திலிருந்து வந்த ஸ்டூவர்ட் டானரும் மிக எளிய ஒன்றைச் செய்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். பிள்ளைக்கு எந்த மாதத்திலிருந்து மாட்டுப்பால், எதில் காய்ச்சினீர்கள், எதில் ஊற்றி வைத்தீர்கள் என்று தாய்களிடம் கேட்டார்கள். செம்பு கலந்த பித்தளையிலும், தனிச் செம்பிலும் காய்ச்சி அதிலேயே வைத்திருந்த பாலை அளந்தார்கள். நோய் வந்த குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ தாய்ப்பாலுக்குப் பதிலாக அந்தப் பாத்திரத்துப் பால் போயிருந்தது. நோயில்லாத குழந்தைகளின் வீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததிலும் அதுவே தெரிந்தது. 1983-ல் முதல் கட்டுரை வந்தது. பென்சிலமின் என்ற மருந்தைச் சீக்கிரமே ஆரம்பித்தால் செம்பை இழுத்து வெளியேற்றிச் சிலரைக் காப்பாற்றவும் முடிந்தது. பித்தளையில் பால் காய்ச்சாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள், எவர்சில்வரும் அதற்குள் எல்லாச் சமையலறைக்கும் வந்துவிட்டது. இருபது வருஷத்துக்குள் நோய் ஏறக்குறைய இல்லாமல் போனது. இன்று படித்துவரும் குழந்தை மருத்துவர்களில் பலர் இதை நேரில் பார்த்ததே இல்லை.

இது நம் ஊர் அறியாமை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியில் 1900-க்கும் 1974-க்கும் இடையில் 138 குழந்தைகள் இதே போல ஈரல் கெட்டுப் போயிருக்கிறார்கள். அங்கேயும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பசும்பால்தான். எல்லா வீட்டிலும் அதே பாத்திரம் இருந்தும் சில குடும்பங்களில்தான் பிள்ளைகள் போனார்கள், அதனால் பிறவியிலேயே ஏதோ ஒரு பலவீனமும் சேர்ந்திருக்க வேண்டும் என்று அங்கே கணித்தார்கள். பாத்திரம் மாறியதும் நோய் நின்றது.

ஈயம் பூசுவதைப் பற்றி இங்கே எழுதாமல் போக முடியவில்லை. என் சின்ன வயதில் வருஷத்துக்கு ஒரு முறை ஒருவர் வருவார். வேப்பமரத்தடியில் குழி வெட்டி, துருத்தி வைத்து, கரியை ஊதுவார். பாத்திரம் பழுத்ததும் நவச்சாரத்தூளைத் தூவுவார், வெள்ளைப் புகை குபுக்கென்று கிளம்பும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். ஈயக்குச்சியை உள்ளே ஒரு இழுப்பு இழுத்து, பழந்துணியால் ஒரு சுழற்று சுழற்றினால் மஞ்சள் மறைந்து பாத்திரத்துக்குள் நிலா காயும். அந்த வெள்ளீயப் படலம்தான் செம்புக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே நின்ற சுவர். நம் பெண்களுக்கு இது தெரியாமல் இல்லை. புளிக்குழம்பையும் மோரையும் ஈயம் போன பாத்திரத்தில் யாரும் வைக்கமாட்டார்கள், களிம்பேறிவிடும், குமட்டும். புளிப்புக்குப் பயந்தார்கள். பாலுக்குப் பயப்படவில்லை. பால் சாது என்று நினைத்தார்கள். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் புளிப்பே இல்லாமல் செம்பைப் பற்றிக்கொள்ளும், நிறமும் மாறாது, ருசியும் மாறாது. மாட்டுப்பாலில் கேசின் தாய்ப்பாலைவிடப் பல மடங்கு. நாக்குக்கு எட்டாத ஒன்றை அந்தப் பெண்கள் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்? ஈயம் பூச ஆள் வரவும், கூலி கொடுக்கவும் வேண்டும். தினமும் காய்ச்சி, தினமும் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்க்கும் பால் பாத்திரத்தில்தான் ஈயம் முதலில் போகும்.

இப்போது வளைகாப்புக்குச் செம்புத் தண்ணீர்ப் புட்டி பரிசாக வருகிறது. ஆரோக்கியம் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. போன மாதம் ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெண், பிறக்கப்போகும் குழந்தைக்கென்று செம்பில் ஒரு சின்ன டம்ளரும் பாலாடையும் வாங்கி வைத்திருப்பதாக ஆசையோடு சொன்னாள். பெரியவர்கள் நல்ல தண்ணீரைச் செம்பில் வைத்துக் குடிப்பது வேறு கதை. அவர்களுக்குக் கொல்லைக்கதவு இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. பாலோ, புட்டிப்பால் கரைக்கும் தண்ணீரோ, பச்சைக் குழந்தைக்குப் போகும் எதுவுமோ செம்பிலும் பித்தளையிலும் வேண்டவே வேண்டாம். அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் சொன்னேன். டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஆறு மாதம் உன் பால் மட்டும் போதும் சாமி, வேண்டியதெல்லாம் உன் வயிற்றுக்குள்ளேயே அவன் கட்டி எடுத்துக்கொண்டான் என்றேன்.

அமுச்சியிடம் இதைச் சொன்னது 2011 தை மாதம். அவருக்கு அப்போது எண்பதை நெருங்கியிருந்தது. அந்த இரண்டு பையன்களின் ஈரலை யாரும் பரிசோதித்தது கிடையாது, ஆனாலும் வயது, வயிறு, மஞ்சள், அடுத்தடுத்து இரண்டு பேர் எல்லாம் ஒத்துப்போனது. மாடிப்படிக்குக் கீழே அட்டாலியில் ஏறி அந்தச் சொம்பை இறக்கினேன். சீரில் வந்தது, கழுத்தில் அவருடைய அய்யன் பெயர் புள்ளிப்புள்ளியாக வெட்டியிருந்தது. உள்ளே பார்த்தேன். மேல்பாதியில் ஈயத்தின் சாம்பல் நிறம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதி, பால் நிற்கிற மட்டம் வரைக்கும், தேய்த்துத் தேய்த்து வெறும் மஞ்சள். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல ஒரு விளிம்பு.

திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பால் கெட்ட பால் இல்லை, அந்தப் பாலை நிறுத்திவிட்டு எதைக் கொடுக்கச் சொன்னார்களோ அதில்தான் கேடு இருந்தது, அதுவும் பாலில் இல்லை, இதில் என்று சொம்பைக் காட்டினேன். அவர் முகத்தில் ஏதோ இறங்கும், அறுபது வருஷத்துப் பாரம் ஒன்று குறையும் என்று நம்பித்தான் சொன்னேன்.

அவர் சொம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். விரலை உள்ளே விட்டு அந்த விளிம்பைத் தடவினார்.

"அப்ப நாந்தான ஊட்டுனேன்" என்றார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. மார்பிலிருந்த பழியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டேன் என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது. "நீங்களா ஊட்டுனீங்க அமுச்சி, ஊட்டச் சொன்னாங்கல்ல? யாருக்கும் தெரியாதுங்க அமுச்சி அப்ப, டாக்டருங்களுக்கே தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். புனேயைச் சொன்னேன், ஆஸ்திரியாவைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். காற்றுக்குத் தென்னை ஓலை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "எத்தன மாசத்துக்கு உள்ள இருக்கறதே போதும்ன?" என்று கேட்டார்.

"ஆறு மாசமுங்க அமுச்சி."

விரல்விட்டு எண்ணினார். "மூத்தவனுக்கு நாலாம் மாசத்துல நிறுத்துனேன். ரண்டாவதுக்கு ஒண்ணரை மாசம்கூட ஆவுல, இதுவும் போயிரும்னு எங்க மாமியா பயந்துட்டாங்க."

அம்மாவைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவராகவே சொன்னார்.

"உங்கம்மாளுக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க கண்ணு, பாலக் குடுக்காதேன்னு. அந்த வருசம் மழ இல்ல. மாட்ட வித்துப்போட்டோம். வேற வழியில்லாம என்ற பாலத்தான் குடுத்தேன், பயந்து பயந்து, ரண்டு வருசம்."